தண்ணீரை உள்ளே விடாத தகரை விதைகள்

வாழப்பாடி உறுப்பினர்:

எங்கள் மரவள்ளிக் காட்டில் ஆண்டுதோறும் தகரை என்னும் களைச்செடியைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுகிறோம். ஆயினும் அடுத்த மழைக்கு அது முளைத்து நிற்பதால், பக்கத்துக் காட்டிலிருந்துதான் விதை வந்து விழுகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். சென்ற மாசியில் வரப்போரத்து நெற்றுகளை உடைத்து, ஒரு கைப்பிடி விதையை இரவு முழுவதும் ஊறப்போட்டேன். விடிந்து பார்த்தால் சில மட்டுமே பருத்திருந்தன. மற்றவை மூன்று நாள் கழித்தும் கூழாங்கல்லைப் போலவே கிடந்தன. பச்சைப்பயறு முளைகட்டும்போது ஊறாமல் பல்லைப் பதம் பார்க்கும் ஒன்றிரண்டு மணிகள் நினைவுக்கு வந்தன.

அந்தக் கல்விதைகளில் கொஞ்சத்தை உப்புத்தாளில் தேய்த்து மறுபடியும் ஊறவைத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மைத்துனரிடம் தராசை இரவல் வாங்கி (அவர் சிரித்தது வேறு கதை), அவ்வப்போது ஈரம் துடைத்து எடை பார்த்தேன். முதல் சில மணி நேரத்தில் எடை விறுவிறுவென்று ஏறி, ஏறக்குறைய இரு மடங்கை எட்டியதும் நின்றுவிட்டது. வேர்முனை வெளியே தெரிந்த பிறகுதான் மீண்டும் ஏறத் தொடங்கியது. எடை அசையாத அந்த இடைவேளையில்தான் நொதிகள் விழித்து, முளைப்பதற்கான வேலை உள்ளே நடக்கிறது.

தோலில் நெருக்கமாக அடுக்கப்பட்ட செல்களே நீரைத் தடுக்கின்றன. வெயிலும் மண் உராய்வும் அந்தத் தடையைத் தளர்த்துவது விதைக்கு விதை வேறுபடுகிறது. ஆகவே சித்திரை மழையில் முளைத்தவை காய்ந்து போனாலும், ஆடி மழைக்கென்று மண்ணில் வேறு சில காத்திருக்கின்றன. பக்கத்துக் காட்டுக்காரரை வீணாகக் குறைகூறியிருக்கிறேன்.

ஏற்காடு உறுப்பினர்:

ஐயா, எங்கள் காப்பித் தோட்டத்தில் சருகு எரித்த இடத்தில் மட்டும், முதல் மழைக்குப் பின் தொட்டாச்சிணுங்கி பாய் விரித்தாற்போல் முளைத்தது. அதன் விதைத்தோலும் கடினமானது. தீயின் சூடு அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: உயிரற்ற விதையும் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். எனவே எத்தனை விதைகள் உயிரோடு இருக்கின்றன என்று அறிய, பருத்தவற்றை எண்ணாமல், வேர் விட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். நாங்கள் இப்போது சருகை எரிக்காமல் மட்கவிடுகிறோம்.