விசா தங்கமா, வியர்வைத் தங்கமா?

தேக்கா குரல்:
நேத்து புளோக் கீழ கோப்பிக்கடையில ஒரு பெரியவர் பேச்சு. 1962 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுல இந்தியாவோட குர்பச்சன் சிங் ரந்தாவா டெக்கத்லான்ல (ஓட்டம், தாண்டுதல், எறிதல்னு பத்து போட்டி சேர்ந்தது) வாங்கினது "விசா தங்கம்"னாராம். வாய் இருந்தா எதையும் பேசலாமா? 1960ல ரெண்டே நாள்ல தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், ஈட்டி, டெக்கத்லான்னு நாலு தேசியச் சாதனையை உடைச்ச மனுஷன் அவர்!

ஈசூன் கணக்கர்:
சரியாத்தான் சொல்லியிருக்கார். 1954, 1958 ரெண்டுலயும் அந்தத் தங்கம் தைவானின் யாங் சுவான் குவாங்குக்கு. 1960 ரோம் ஒலிம்பிக்ல அமெரிக்காவோட ரேஃபர் ஜான்சன் 8392 புள்ளி எடுத்துத் தங்கம், யாங் 8334 எடுத்து வெள்ளி. பத்துல ஏழுல யாங்தான் மேல. குண்டு, வட்டு, ஈட்டி எறிதல் மூணும் கவுத்துடுச்சு. அப்பேர்ப்பட்டவர் உட்பட தைவான் அணிக்கே 1962ல இந்தோனேசியா விசா கொடுக்கல. வேற என்ன பேரு வைக்கிறது?

தேக்கா குரல்:
நீங்களே சொல்லிட்டீங்க, ஈட்டி கவுத்துச்சுன்னு. நம்மாளு ஈட்டியில தேசியச் சாதனைக்காரர். யாங் வந்திருந்தா அங்கேயே மாட்டியிருப்பார்.

ஈசூன் கணக்கர்:
ரோம்ல யாங் எறிஞ்சது 68.22 மீட்டர், ஜான்சன் 69.76. இதுல எங்க மாட்டினார்? விசா கொடுக்காததை எதிர்த்துச் சத்தம் போட்டவரே இந்தியாவோட விளையாட்டு அதிகாரி சோந்திதான். அதுக்காக ஜக்கார்த்தாவுல இந்தியத் தூதரகத்தையே கும்பல் புகுந்து அடிச்சுது. அப்புறம், "பெரியவர்"னு எழுதியிருக்கீங்களே, எனக்கு இன்னும் அறுபதே ஆகல.

தேக்கா குரல்:
அட, அது நீங்கதானா! அதான் பக்கத்து மேசையில இருந்து அந்தச் சத்தம்.

ஈட்டிக்கை:
ரெண்டு பேருக்கும் ஒண்ணு. பள்ளிக்கூடத்துல எறிஞ்சவன் நான். முனை முதல்ல தரையைத் தொடணும், வால் தட்டினா சிவப்புக் கொடிதான். டெக்கத்லான்ல ஈட்டி ஒன்பதாவது. கோலூன்றித் தாண்டி முடிச்சு, தோள் கழண்டு போய் வந்து நிக்கிற கை அது. புதுசா இறங்கி எறியற கையோட சாதனையை இங்க இழுக்காதீங்க.

தேக்கா குரல்:
பள்ளிக்கூட ஈட்டி வாத்தியாரே, உங்க தூரம் எவ்வளவு?

ஈட்டிக்கை:
உங்க வாயை விடக் கம்மிதான்.

தேக்கா குரல்:
1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ரெண்டு பேரும்தானே வந்தாங்க? 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில ரந்தாவா அஞ்சாவது, 14.0 வினாடி. உங்க யாங் டெக்கத்லான்ல எத்தனாவது?

ஈசூன் கணக்கர்:
அஞ்சாவது. ஏன்னு கேளுங்க. 1963ல 9121 புள்ளி எடுத்து உலக சாதனை. கோலூன்றித் தாண்டின உயரம் புள்ளி அட்டவணையையே தாண்டிப் போச்சு. அடுத்த வருஷம் புது அட்டவணை, அவர் கணக்கு ஒரேயடியா இறங்கிடுச்சு. ஜக்கார்த்தாவுல விசா, டோக்கியோவுல அட்டவணை.

தேக்கா குரல்:
ஜக்கார்த்தா கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் தைவான்தான். அப்ப அதுவும் விசா தங்கமா?

ஈசூன் கணக்கர்:
ஆமா.

பொங்கோல்வாசி:
ஊரான் தங்கத்துக்கு இவ்வளவு அடிதடி. நம்ம சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன் 1966 பாங்காக்ல 100 மீட்டர் வெள்ளி வாங்கினதை எவராச்சும் எழுதினீங்களா?

ஈசூன் கணக்கர்:
தங்கம் மலேசியாவோட ஜெகதீசன். 200 மீட்டரும் அவரே. எழுதிட்டேன், போதுமா?

பொங்கோல்வாசி:
குணாளனைப் பத்திக் கேட்டா ஜெகதீசனைச் சொல்றீங்க. போன தீபாவளி இழையிலயும் இதே வேலைதான் பண்ணீங்க.

தேக்கா குரல்:
அவர் அப்படித்தான், விடுங்க. ஓடாதவனை வச்சு ஓடினவனை மட்டம் தட்டுறவர்.

ஈசூன் கணக்கர்:
பேச்சை மாத்தாதீங்க. யாங் ஜக்கார்த்தாவுக்கு வந்தாரா, இல்லையா?

தேக்கா குரல்:
ரந்தாவா பத்து போட்டியும் முடிச்சாரா, இல்லையா?

ஈசூன் கணக்கர்:
நான் கேட்டது அது இல்ல. வந்தாரா, இல்லையா?