1/2000 வைத்தால் ஃபிளாஷ் குறையுமா, குறையாதா? (நிலாவெளிப் படம் பற்றி)

நிலாவெளியான்

டச்பே பொடியன் முந்தாநாள் போட்ட படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரை, உச்சி வெயில், சிவப்புப் பட்டுச் சேலையில் ஒரு மாடல் பிள்ளை, தூரத்தில் புறாத்தீவு. படத்தில் எனக்குக் குறை இல்லை. கீழே எழுதியிருந்த குறிப்பைத்தான் தாங்க முடியவில்லை: "ஐஎஸ்ஓ 100, எஃப் 4, 1/2000. ஹைஸ்பீட் சிங்க் போட்டால் ஃபிளாஷின் பலம் துளியும் குறையாது. குறையும் என்பதெல்லாம் பழைய ஆட்களின் கதை."

புதியவர்களுக்கு: ஐஎஸ்ஓ சென்சரின் உணர்திறன்; எஃப் லென்ஸின் திறப்பு, இலக்கம் சின்னதானால் திறப்புப் பெரிது; 1/2000 என்றால் ஷட்டர் ஒரு செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது; ஹைஸ்பீட் சிங்க் அந்த வேகத்திலும் ஃபிளாஷை ஷட்டரோடு ஒத்து அடிக்க வைக்கிற முறை. பழைய ஆள் என்ற முறையில் கேட்கிறேன். துளியும் குறையாதா? ஷட்டரில் இரண்டு திரை இருக்கிறது. 1/200 வரைக்கும், சில கமெராவில் 1/250 வரைக்கும், முதல் திரை முழுதாகத் திறந்த பிறகுதான் இரண்டாவது மூடத் தொடங்கும். அந்த இடைவெளியில் ஃபிளாஷ் ஒரே அடி அடித்தால் முழு வெளிச்சமும் சென்சரில் விழும். அதற்கு மேலே போனால் இரண்டு திரைக்கும் நடுவில் ஒரு கீற்றுத்தான் ஓடுகிறது. கீற்று ஓடி முடியும் வரை ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி மூடிய திரையில் பட்டு வீணாகிறது. ஏறத்தாழ இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி) அங்கேயே போய்விடும். 1/200 தான் எல்லை. வெயிலில் லென்ஸைத் திறந்து எடுக்க வேண்டுமென்றால் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தை வெட்டுகிற இருண்ட கண்ணாடி, போடு. இது விளங்காதவர்களெல்லாம் கலியாண வீடு எடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

டச்பே பொடியன்

அண்ணை, படத்தைப் பாருங்கோ. முகம் இருட்டாக இருக்கிறதா? இல்லை. பிறகென்ன குறைந்தது? ஷட்டரை ஏற்றும்போது வெயிலும் சேர்ந்துதானே குறைகிறது. 1/500 இல் ஃபிளாஷுக்கும் வெயிலுக்கும் என்ன விகிதமோ அதேதான் 1/2000 இலும். ஆகவே குறையவில்லை.

கலியாண வீட்டுக் கதையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அது எங்கே சுடுகிறது என்று எனக்குத் தெரியும்.

நிலாவெளியான்

1/500 இல் தொடங்கினால் எப்படிக் குறையும்? விழ வேண்டியது ஏற்கெனவே விழுந்துவிட்டது. 1/200 இல் தொடங்கு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப் 16, 1/100. இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அப்படியானால் 1/200க்கு எஃப் 11. நாலு ஸ்டொப் வெட்டுகிற என்டி ஒன்றைப் போட்டால் அதே 1/200 இல் எஃப் 2.8க்கு வந்துவிடலாம். ஃபிளாஷையும் அந்தக் கண்ணாடி வெட்டும், வெயிலையும் வெட்டும், ஆனால் ஃபிளாஷ் ஒரே அடியாக அடிக்கிறது, ஒன்றும் வீணாகவில்லை. நீ 1/3200க்கு ஏறி அதே எஃப் 2.8 வைத்தால் வெயில் அதே அளவு, ஃபிளாஷ் மட்டும் இரண்டு ஸ்டொப் கீழே. இரண்டு ஸ்டொப் என்றால் நாலில் ஒரு பங்கு. துளி அல்ல தம்பி, முக்கால்வாசி.

கிண்ணியா நானா

ஒரு சின்ன விஷயம். "குறையுது" என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஃபிளாஷ் தனியாகச் சென்சருக்குக் கொடுக்கிற வெளிச்சமா, வெயிலோடு ஒப்பிட்ட வெளிச்சமா? ஒருவர் 1/200 ஐயும் 1/2000 ஐயும் ஒப்பிடுகிறார், மற்றவர் 1/500 ஐயும் 1/2000 ஐயும் ஒப்பிடுகிறார். அதைப் பேசி முடித்துவிட்டு அடிபடுங்கள். இல்லாவிட்டால் லைட்டை 3 மீற்றரிலிருந்து 1.5 மீற்றருக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். போன இரண்டு ஸ்டொப்பும் திரும்பி வந்துவிடும்.

டச்பே பொடியன்

படத்தைப் பாருங்கோ என்கிறேன், கணக்குச் சொல்கிறார். என்டி போட்டு 1/200 இல் எடுக்கிறவர்கள் ஆடி மாதக் கச்சான் காற்றில் சேலை கட்டிய பிள்ளையை எடுத்துப் பார்த்ததில்லை போல. முந்தானை நிற்காது. ஃபிளாஷ் முகத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் முந்தானையில் விழுவது வெயில். 1/200 இல் அதன் கரை இரட்டையாக விழும். 1/2000 இல் ஜரிகையின் ஒவ்வொரு பூவையும் எண்ணலாம். என் படத்தில் எண்ணிப் பாருங்கோ.

நானா, நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. அண்ணைக்குச் சொல்லுங்கள்.

நிலாவெளியான்

முந்தானை அசைந்தால் அசையட்டும். காற்றில் அசையாத சேலை கடைப் பொம்மை கட்டியிருக்கும். கேள்வி முந்தானை அல்ல. கேள்வி 1/200.

பழைய ஃபிலிம்

பிள்ளைகள் இதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரிக் கதைக்கிறீர்கள். 1986 இலேயே ஒலிம்பஸ் எஃப் 280 என்ற ஃபிளாஷை விட்டது. ஓஎம் 4 டிஐ கமெராவோடு போட்டால் 1/2000 வரைக்கும் சிங்க் ஆகும். அதே 1/2000. அப்போதும் தூரம் குறையும் என்றுதான் சொன்னார்கள். அதற்கு முன்னமே ஹசல்பிளாட் 500 வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்தது. 1/500 வரைக்கும் எந்த வேகத்திலும் முழு ஃபிளாஷ், துடிப்பும் இல்லை வீணும் இல்லை. ஆகவே 1/200 தான் எல்லை என்று நிலாவெளியான் சொல்வதும் பிழை.

நிலாவெளியான்

ஐயா, உங்களிடம் ஹசல்பிளாட் இருந்ததா?

பழைய ஃபிலிம்

என்னிடம் இருந்ததா என்பதல்ல கேள்வி.

நிலாவெளியான்

அதுதான் கேள்வி. நாங்கள் திருகோணமலையில் வாடகைக்கு எடுக்கிற கமெராவைப் பற்றிக் கதைக்கிறோம். அதில் 1/200.

வாடைக்காற்று

சோனி ஏ9 மூன்றாவது மொடலில் 1/80000 இலும் ஃபிளாஷ் சிங்க் ஆகும். சென்சர் முழுவதும் ஒரே நேரத்தில் படிக்கிறது. திரையே தேவையில்லை. உங்கள் சண்டை 2023 இல் முடிந்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

கிண்ணியா நானா

அதன் விலையைக் கேட்டால் நான் வீட்டுக்கல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அரிதாரம்

அந்தப் படத்தில் ஒப்பனை செய்தது நான். பொடியன் என் பேரைப் போடவில்லை, அது ஒரு பக்கம். படத்தைப் பாருங்கோ, படத்தைப் பாருங்கோ என்கிறாரே, நெற்றியும் மூக்குத் தண்டும் வெள்ளையடித்திருப்பதை யாரும் பார்க்கவில்லையா? அன்றைக்கு ஃபிளாஷ் இல்லை, வெயிலில் ரிஃப்ளெக்டர்தான் என்று சொன்னார். அதனால்தான் வெயிலுக்கென்று டைட்டானியம் டையொக்சைட் உள்ள கிரீமைப் பூசினேன். கமெரா பக்கமிருந்து ஃபிளாஷ் அடித்தால் அது வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும், முகம் சாம்பல் பூத்த மாதிரி வரும். இரவு ரிசெப்ஷன் எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். முன்னமே சொல்லியிருந்தால் வேறு பூச்சுப் போட்டிருப்பேன்.

நிலாவெளியான்

தங்கச்சி சொன்னதைக் கவனியுங்கள். ஃபிளாஷைக் கமெராவுக்குப் பக்கத்தில் ஏன் கொண்டு வந்தார்? பலம் போதவில்லை. வெளிச்சத்தை மென்மையாக்க மாட்டுகிற துணிப்பெட்டியை, சொஃப்ட்பொக்ஸை, கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஃபிளாஷை அடித்திருக்கிறார். ஏன் போதவில்லை? 1/2000.

டச்பே பொடியன்

சொஃப்ட்பொக்ஸைக் கழற்றியது காற்றுக்காக. பலத்துக்காக அல்ல. 120 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ் நிலாவெளியில் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். கச்சான் கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசுகிறது, விழுந்தால் நேரே தண்ணீர். அக்கா, பேர் போடாதது தவறிப்போனது, இப்போது போட்டுவிடுகிறேன். ஆனால் பூச்சு வெள்ளையடித்ததற்கு என் ஷட்டர் என்ன செய்யும்?

அரிதாரம்

பேரை நான் கேட்ட பிறகு போடுவதற்குப் பெயர் தவறிப்போவது அல்ல. அந்தப் பிள்ளை வெயிலில் நின்ற நேரம் முழுவதும் நீங்கள் செற்றிங் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். வியர்வையை ஒற்றி ஒற்றி என் கை ஓய்ந்தது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் எங்கள் ஊரில் மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்கு முன்பின் வாரங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்குழியில் கறுப்பு, மூக்குக்குக் கீழே கறுப்பு. அந்த நேரத்தில் பெண்பிள்ளையை மணலில் நிறுத்துவதே பிழை. ஃபிளாஷ் இரண்டாவது பிழை.

கிண்ணியா நானா

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்குப் பார்த்த கரை. காலை ஆறரைக்குக் கடலைப் பின்னால் வைத்தால் சூரியன் மாடலின் முதுகில். தலைமயிர் ஓரம் பொன்னாக மின்னும், முகம் இருட்டு. அந்த நேரத்து வெயிலுக்கு கமெராவில் மாட்டுகிற ஒரு சாதாரண ஸ்பீட்லைட்டே காணும், 1/200 உம் காணும், 1/2000 உம் தேவையில்லை. ரிஃப்ளெக்டரும் வேலை செய்யும், ஆனால் பிள்ளை கண்ணைச் சுருக்கும். அந்தி வேண்டுமென்றால் உள்துறைமுகப் பக்கம் போங்கள். அங்கே சூரியன் தண்ணீருக்கு மேலே இறங்கும், ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு செம்மஞ்சள் ஜெல் தாள் ஒட்டினால் முகமும் அந்தி நிறத்தோடு சேரும். ஜெல் ஒட்டாமல் அடித்தால் பின்னால் அந்தி, முன்னால் ரியூப்லைட்.

நிலாவெளியான்

நானா அழகாகச் சொன்னார். 1/200 உம் காணும் என்று அவரே சொல்லிவிட்டார்.

கிண்ணியா நானா

நான் காலை ஆறரை பற்றிச் சொன்னேன்.

நிலாவெளியான்

1/200 என்று சொன்னீர்களா இல்லையா?

டச்பே பொடியன்

வாடிக்கையாளர் மத்தியானம்தான் வருவேன் என்றால் நான் சூரியனை நகர்த்தவா? சேலைக்கடைக்காரர் கேட்டது வெள்ளை மணல், நீலக்கடல். காலையில் அந்த நீலம் வராது. வெயில் ஏறினால்தான் வரும். அதற்குத்தான் ஃபிளாஷ், அதற்குத்தான் 1/2000. அண்ணை மத்தியானத்தில் எடுத்த ஒரு படத்தைப் போடட்டும், பார்ப்போம். கேட்டுக்கொண்டே இருக்கிறேன், போடமாட்டார்.

நிலாவெளியான்

என் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. ஆட்களின் வீட்டு அலுமாரியில். பேஸ்புக்கில் கடை விரிக்க நான் எடுப்பதில்லை.

கடைசியாக ஒரு கணக்கு, விளங்கினால் விளங்கட்டும். ஸ்பீட்லைட் 76 வாட்செக்கன் (ஃபிளாஷ் ஒரே அடியில் கொடுக்கிற சக்தி) அளவு. கையில் கொண்டுபோகிற பற்றரி லைட் 200 வாட்செக்கன். அதற்கும் இதற்கும் ஏறத்தாழ ஒன்றரை ஸ்டொப். பெரிய 600 வாட்செக்கன் லைட்டுக்கும் ஸ்பீட்லைட்டுக்கும் மூன்று ஸ்டொப். காசைக் கொட்டி 600 வாங்கி, ஆளை வைத்து மணலில் சுமந்துபோய், 1/2000 வைத்தால் அதில் இரண்டு ஸ்டொப் காற்றோடு போகும். மிச்சம் இருப்பது 200 வாட்செக்கன் லைட்டைவிடக் குறைவு. என்டி கண்ணாடி அந்தக் காசில் எத்தனை வாங்கலாம்?

டச்பே பொடியன்

என்டி போட்டால் வியூஃபைண்டர் இருட்டு, ஃபோகஸ் தேடிக்கொண்டே திரியும். மலிவுக் கண்ணாடியானால் பட்டுச் சேலையின் சிவப்பு செங்கல் நிறமாக மாறும். சேலைக்கடைக்காரருக்குச் செங்கல் நிறம் காட்ட முடியுமா? அதைப்பற்றி அண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காற்றோடு போனதைப் பற்றிக் கதைத்ததால் ஞாபகம் வருகிறது. போன வருடம் உப்புவெளியில் காற்றோடு கடலுக்குப் போன ஃபிளாஷ் குடை யாருடையது? ஸ்ராண்டும் சேர்ந்து போனது. ஸ்ராண்ட் என்னுடையது.

நிலாவெளியான்

அது கச்சான் திடீரென்று கிளம்பியது. ஸ்ராண்டின் காலில் மணல்மூட்டை கட்டச் சொன்னேன். கட்டாதது யார்?

டச்பே பொடியன்

மூட்டை கட்டுகிற வேலை உதவிக்கு வந்தவருடையது. உதவிக்கு வந்தவர் உங்கள் மருமகன்.

வாடைக்காற்று

இப்போதுதான் சூடு பிடிக்கிறது. ட்ரோனில் இருந்து எடுத்திருந்தால் ஸ்ராண்ட் தேவையில்லை.

அரிதாரம்

ராவணன் வெட்டுப் பக்கம் ஒரு மாடல் பிள்ளையைப் பாறை விளிம்பில் நிறுத்தி, பின்னால் போ, இன்னும் பின்னால் போ என்று சொன்னவரும் இந்தத் திரியில்தான் இருக்கிறார். ஃபிளாஷ் கண்ணில் அடித்தால் சில செக்கன் ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி யாரும் கணக்குப் போடவில்லை.

நிலாவெளியான்

தங்கச்சி, யாரைச் சொல்கிறீர் என்று வெளியே சொல்லும். நான் அன்றைக்கு 50 லென்ஸ் போட்டுத் தள்ளி நின்றேன்.

அரிதாரம்

நான் யார் பேரையும் சொல்லவில்லை.

பழைய ஃபிலிம்

கோட்டைக்குள் மான்களுக்கு ஃபிளாஷ் அடிக்கிறவர்களையும் யாராவது கேளுங்கள். அவை மிரண்டு ஓடுகின்றன.

கிண்ணியா நானா

ஒரு யோசனை. ஒரே இடம், ஒரே மாடல், ஒரே லைட். ஒன்று என்டியோடு 1/200, மற்றது 1/2000. லைட்மீற்றர் நான் கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா. சனி?

டச்பே பொடியன்

சனி எனக்குச் சாமத்திய வீடு. ஞாயிறு வருகிறேன். ஆனால் மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான், அதோடு எஃப் 4.

நிலாவெளியான்

எஃப் 4 அல்ல, எஃப் 2.8. காலை ஏழுக்கு.

டச்பே பொடியன்

ஏழுக்கு எடுத்தால் எதை நிரூபிக்கப் போகிறீர்கள்?

அரிதாரம்

எந்த நேரமானாலும் ஒப்பனைக் காசு முன்பணம். மாடலுக்கும் சேர்த்து. யார் தருவது?

நிலாவெளியான்

ஸ்ராண்ட் யார் கொண்டு வருவது?

டச்பே பொடியன்

உங்கள் மருமகன் கொண்டு வரட்டும். எனக்கு ஒன்று தர இருக்கிறது.