புதுப்பிப்பு: சியானுக்கு மூன்று நாள் போதவில்லை

‘சீனாவின் சியான் நகரில் நாங்கள் இருவரும் முதுகுப்பையோடு சுற்ற மூன்று நாள் போதுமா?’ என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. போதவில்லை.

சீனாவின் முதல் பேரரசரின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர் சிலைகள்தான் சுடுமண் படை. நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு முழு நாளை விழுங்கிவிட்டது. 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த படை அது. சிலைகள் நிற்கும் முதல் குழியின் முகப்பில் ஒரே நெரிசல். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒவ்வொரு முகமாக நின்று பார்க்கலாம்.

ஆனால் மனதில் நிற்பது மிங் அரச வம்சத்தின் காலத்து நகர மதில்தான். சுற்றளவு கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், மேலேயே சைக்கிள் வாடகைக்குத் தருகிறார்கள். இருவர் மிதிக்கும் வண்டி எடுத்தோம். பின்னால் உட்கார்ந்த என் கணவர் மிதிக்கவே இல்லை என்று இன்றும் சொல்வேன், அவர் மறுக்கிறார். செங்கல் தளத்தில் இடுப்பு கழன்றதுதான் மிச்சம். சரி, அப்புறம் சாப்பிட்ட சூடான நூடுல்ஸ் அதைச் சரிக்கட்டியது.