உடைந்த பழஞ்சாடியை எதனால் ஒட்டுவது?

கடாரத்தான், பீடோங்:
எங்கள் தோட்டத்துக் கோயிலில் தலைமுறைகளாக இருந்துவரும் மண்சாடி ஐந்து துண்டுகளாக உடைந்துவிட்டது. விளிம்பில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைக் காணவும் இல்லை. எபாக்சியால் (இரு கலவைகளைச் சேர்த்து இறுக வைக்கும் பசை) ஒட்டி, குறையைச் சிமெண்டால் நிரப்பி, உடைந்த தடமே தெரியாதபடி வண்ணம் பூசித் திருவிழாவுக்கு முன் காட்சிக்கு வைக்க எண்ணுகிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

மெர்போக் வாசகி:
ஐயா, சிமெண்டை முதலில் கைவிடுங்கள். அதிலுள்ள உப்புகள் ஈரத்தோடு மண்ணின் நுண்துளைகளுக்குள் ஊறி, உலரும்போது படிகமாகி, மேற்பரப்பை உதிர்த்துவிடும். எபாக்சியோ நாளடைவில் மஞ்சளாகும். இறுகியபின் எளிதில் கரையாது. முதல் துண்டு இம்மியளவு பிசகினாலும் கடைசித் துண்டு பொருந்தாது, அப்போது எப்படிப் பிரிப்பீர்கள்? அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் அக்ரிலிக் பசையான பாராலாய்டு பி-72 பல ஆண்டுகள் கழித்தும் அசிட்டோன் என்ற கரைப்பானில் கரையும்.

கடாரத்தான்:
குளிரூட்டிய அருங்காட்சியகத்துக்கு ஒத்துவருவது தகரக் கூரைக்கு ஒத்துவருமா, அம்மா? பி-72 ஏறத்தாழ 40 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். இடுப்புயரச் சாடி தன் எடையாலேயே மெல்ல நழுவி மீண்டும் உடைந்தால், பிரிக்கத்தக்க பசை என்ற பெருமையால் என்ன பயன்?

மெர்போக் வாசகி:
நியாயமான கேள்விதான். அதனால்தான் வெப்பமான இடங்களில், 60 பாகை அளவில் இளகும் அதே வகைப் பசையான பி-44ஐ அதனுடன் கலக்கிறார்கள். எடை தாங்காது என்று அஞ்சினால், உடைந்த முகங்களில் பி-72 கரைசலைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் எபாக்சி இடலாம். வேண்டும்போது அடிப்பூச்சைக் கரைத்துப் பிரிக்கலாம்.

பால்மரத்தான்:
அந்த அடிப்பூச்சும் வெயிலில் இளகுமே, அக்கா! சாடியைத் தகரக் கூரையிலிருந்து மாற்றி, அடியில் மரத்தாங்கி கொடுப்பதே முதல் வேலை. (என் தாத்தா ரப்பர் மரத்து ஒட்டுப்பாலால் ஒட்டிய பானை கறுத்துப் பிசுபிசுத்துப்போனது, அதைச் சுரண்டியபோது மண்ணும் சேர்ந்தே வந்தது.)

கடாரத்தான்:
சரி, சிமெண்ட் வேண்டாம். வண்ணத்தை மட்டும் விட மனமில்லை. சாமி சந்நிதியில் ஓட்டை விளிம்போடு வைப்பதா?

மெர்போக் வாசகி:
நம் கெடாவின் பழைய வணிகத் தலமான பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான்கள் பெரும்பாலும் உடைந்த துண்டுகளே. அவற்றைக் கொண்டே அங்கு நடந்த வணிகத்தின் காலத்தைக் கணித்தார்கள். உடைந்த முகத்தில் தெரியும் மண்ணின் நிறமும் மணலும் நாளை ஆய்வாளருக்குத் தேவைப்படலாம். விளிம்பின் குறை சாடியைத் தளர்த்தினால் மட்டும், பி-72 பூசிய முகத்தின்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிரப்புங்கள். நிரப்பிய இடத்துக்கு மட்டும், அசல் மண்ணைவிடச் சற்று வெளிறிய நிறம் கொடுங்கள். மழை நாளில் ஒட்டாதீர்கள். ஈரக்காற்றில், பசையைக் கரைத்த அசிட்டோன் ஆவியாகும்போது பசை வெண்மை பூத்துவிடும்.