மூணு நாள் நின்றால் பேட்டரி டவுன்: கரண்ட்டை இழுப்பது எது?

கேள்வி:
பெட்ரோல் கார், 45 ஏஹெச் (ஆம்ப்-மணி, அதாவது பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரி. தினமும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. மூணு நாள் நிறுத்திட்டு செல்ஃப் அடிச்சா ‘டிக் டிக்’னு சத்தம் மட்டும்தான். பேட்டரி மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு, பழசுலயும் இதேதான் நடந்தது. இன்ஜின் ஓடும்போது டெர்மினல்ல 14.2 வோல்ட் இருக்கு. மல்டிமீட்டர் வச்சிருக்கேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்:
14.2 வருதுன்னா சார்ஜிங் நல்லாத்தான் இருக்கு. வண்டி அணைஞ்ச பிறகு ஏதோ ஒண்ணு கரண்ட் இழுக்குது. முதல்ல பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணி, சில மணி நேரம் விட்டு, 12.6 வோல்ட் பக்கம் நிக்குதான்னு பாருங்க.

அடுத்து மீட்டரை டிசி 10 ஆம்புக்குத் திருப்புங்க. சிவப்பு ஒயரையும் 10 ஆம்ப் துளைக்கு மாத்தணும், பலரும் மறக்குற இடம் இது. சாவியை எடுத்துட்டு, திறந்திருக்குற டிரைவர் கதவோட லாக்கை ஸ்க்ரூடிரைவரால அமுக்கி விடுங்க. கதவு மூடிடுச்சுன்னு வண்டி எடுத்துக்கும். (கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவிச்சிடுங்க, இல்லைன்னா லாக் அடிபடும்.)

நெகட்டிவ் கிளாம்பைத் தளர்த்துங்க, ஆனா உடனே கழட்டாதீங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி போஸ்ட்ல, இன்னொண்ணு கிளாம்புல. ரெண்டையும் அழுத்திப் பிடிச்சபடி கிளாம்பை மெதுவா மேலே தூக்குங்க. சப்ளை ஒரு நொடி அறுந்தாலும், வண்டி அணைஞ்சதும் தூங்கின கண்ட்ரோல் யூனிட்டெல்லாம் (வண்டிக்குள்ள இருக்குற குட்டி கம்ப்யூட்டர்கள்) மறுபடி முழிச்சுக்கும்.

ஆரம்பத்துல சில ஆம்ப் காட்டலாம். அரை மணி நேரம், சில வண்டிக்கு ஒரு மணி நேரம் பொறுங்க. 50 மில்லிஆம்புக்கு (0.05 ஆம்ப்) கீழே இறங்கினா குறையில்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது.

கேட்டவர்:
50 நிமிஷம் ஆச்சு, 0.38 ஆம்ப்லயே நிக்குது.

பதில்:
கணக்கு பொருந்துது. 72 மணி நேரத்துக்கு 27 ஏஹெச், அதாவது பாதிக்கு மேல காலி. 5 வாட் பல்பு ஒண்ணு கிட்டத்தட்ட 0.4 ஆம்ப் இழுக்கும், அதனால டிக்கி விளக்கையும் டேஷ்போர்டு பெட்டி விளக்கையும் முதல்ல பாருங்க. போன்ல வீடியோவை ஓடவிட்டு உள்ளே வச்சு மூடினா, விளக்கு அணையுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

விளக்கு இல்லைன்னா பியூஸ் பக்கம் போங்க. ஒவ்வொண்ணா பிடுங்காதீங்க. தூங்காம இருந்த யூனிட், பியூஸைத் திரும்பச் சொருகினதும் ரீசெட் ஆகித் தூங்கிடும், குற்றவாளி தப்பிச்சிடுவான். மீட்டர் முனைகளை விடாம கிளாம்பைத் திரும்ப மாட்டிட்டு மீட்டரை எடுங்க. சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாத்தி, மில்லிவோல்ட்ல வச்சு, பியூஸ் தலையில தெரியுற ரெண்டு உலோகப் புள்ளியையும் தொடுங்க. கரண்ட் ஓடாத பியூஸ்ல சுத்தமா 0.0. 10 ஆம்ப் மினி பியூஸ்ல 1 மில்லிவோல்ட் வந்தா சுமார் 130 மில்லிஆம்ப் ஓடுது.

இன்னொருவர்:
உள்ளே இருக்குற எந்த பியூஸும் காட்டலைன்னா ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்றது) சந்தேகப்படுங்க. அதோட தடிமனான ஒயர் அந்த பியூஸ் பெட்டி வழியா வராது. அதுக்குள்ள கரண்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடுற டயோடு லீக்கானா, இன்ஜின் ஓடும்போது 14.2 வந்துகிட்டே இருந்தாலும், அணைச்சதும் கரண்ட் பின்னாடி ஓடும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பா இருந்தா அதுதான். பேட்டரியைக் கழட்டிட்டு அந்த ஒயரை எடுத்து, டேப் சுத்தி, மறுபடி அளந்து பாருங்க.

கேட்டவர்:
விளக்கெல்லாம் அணையுது. ஆடியோன்னு எழுதின 10 ஆம்ப் பியூஸ்ல 2.7 மில்லிவோல்ட். ஸ்டீரியோ வெளிக் கடையில மாட்டினது.

பதில்:
2.7-ன்னா சுமார் 0.35 ஆம்ப், கிட்டத்தட்ட மொத்தமும் அதுதான். அப்போ ஸ்டீரியோ பின்னாடி பாருங்க. மஞ்சள் ஒயர் நேர் சப்ளை, சிவப்பு சாவி போட்டா மட்டும் வரணும். மாட்டுறவங்க சுலபத்துக்காக ரெண்டையும் சேர்த்து முறுக்கி விடுறது உண்டு. பட்டனை அமுக்கி அணைச்சாலும் செட் உள்ளுக்குள்ளே முழிச்சே இருக்கும். சாவி இல்லாம அளந்தா மஞ்சள்ல 12 வோல்ட், சிவப்புல 0 வரணும். சிவப்புலயும் 12 வந்தா அதைப் பிரிச்சு, சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற பியூஸ்ல இருந்து எடுத்துக் கொடுங்க. மஞ்சளைத் துண்டிக்காதீங்க, ரேடியோ ஸ்டேஷனெல்லாம் அழிஞ்சிடும். மாத்தின பிறகு மறுபடி அரை மணி நேரம் காத்திருந்து ஆம்ப் அளந்து போடுங்க.