காதோரக் கட்டி, கழுத்தில் நெறி: தோல் புற்று பரவியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்

பிரிஸ்பேன்வாசி:
முதியோர் இல்லத்தில் வேலை. தாத்தா ஒருவர், ஆயுள் முழுக்கக் கரும்புத் தோட்டத்து வெயிலில் நின்ற வெள்ளைக்காரர். காது மடலில் இருந்த புற்றுப் பொருக்கை வெட்டியெடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஷேவ் செய்துவிடும்போது காதுக்கு முன்னால் கோலிக்குண்டு மாதிரி ஒன்று விரலில் தட்டியது. வலியில்லை, விடு என்றார். நானும் இரண்டு வாரம் விட்டுவிட்டேன். அந்த இரண்டு வாரம்தான் இன்னும் உறுத்துகிறது. பரோட்டிட் என்கிற எச்சில் சுரப்பிக்குள் இருந்த நெறியில் (நிணநீர் முடிச்சில்) புற்று இறங்கியிருந்தது. சுரப்பியையும் கழுத்து நெறிகளையும் எடுத்து, அப்புறம் 30 நாள் ரேடியேஷன். முகநரம்பு அந்தச் சுரப்பியின் ஊடேதான் ஓடுகிறது. ஒரு கிளை போய்விட்டது. இடது கண் மூடாது. ராத்திரி ஜெல் போட்டு டேப் ஒட்டுவேன். ஒட்டும்போதெல்லாம் வலது கண்ணைச் சிமிட்டுவார்.

கொங்குத்தம்பி:
அப்பாவுக்குக் கிட்னி மாற்றி 11 வருஷம். வழுக்கையில் ஆறாத புண், பிறகு பின்கழுத்தில் நெறி. செமிப்ளிமாப் பற்றிப் படித்துவிட்டுப் போய் நானே கேட்டேன் (இந்தத் தோல் புற்றுக்கு அமெரிக்காவில் 2018-லேயே அனுமதி கிடைத்த மருந்து). டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அது எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புற மருந்து தம்பி. எழுந்துச்சுன்னா கிட்னியையும் சும்மா விடாது." அப்பா குறுக்கிட்டார்: "அது இவங்கம்மா கொடுத்ததுங்க. அதைத் தொட வேண்டாம்." ஆபரேஷனும் கரண்ட் (ரேடியேஷன்) வைப்பதும் என்று முடிவானது. தையல் ஆறியதும், மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளாமலிருக்கச் சாப்பிட்டுவந்த பழைய மாத்திரையை, அதே வேலைக்கான சிரோலிமஸுக்கு மாற்றினார்கள்.

முத்துநகரான்:
பிரிஸ்பேன்வாசி, வெள்ளைக்காரர் என்று எழுதினால் நமக்கெல்லாம் வராது என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். நம் தோலில் குறைவு, அவ்வளவுதான். என் சித்திக்கு ஸ்டவ் வெடித்து வெந்த வடு தாடையில். முப்பது வருஷம் கழித்து அந்த வடுவிலேயே புண் வந்து கழுத்துக்கு இறங்கியது.

கொங்குத்தம்பி, கரண்ட் ஆரம்பிக்கும் முன்னால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கரண்ட் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். தாடி இருந்தால், கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் பிடிக்கிற மாஸ்க்குக்கு அளவெடுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் லூசாகும். கல்யாணம், காதுகுத்து என்று நாள் விடாதீர்கள். கழுத்து கறுத்து உரியும். யார் சொன்னாலும் மஞ்சள், தைலம் தேய்க்காதீர்கள். வாய்க்கு உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீர் போதும். ஊறுகாயை ஒளித்து வையுங்கள்.

கொங்குத்தம்பி:
அண்ணே, எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு வாயில் இருப்பது முழுக்கப் பல்செட். அதைக் கழற்றச் சொல்லித்தான் மாஸ்க்கைச் சுடுதண்ணியிலிருந்து எடுத்து முகத்தில் அமுக்கினார்கள். புற்றுக்கு அழாத மனிதர், "பொக்கை வாயோட மூஞ்சியை அச்செடுத்துட்டாங்களே" என்று வீடு வரும்வரை புலம்பினார்.