கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: தயங்குகிறவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சுகர், பிரஷர் பார்க்க வரும் பெண்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட் என்றதும் "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்று நழுவுகிறார்கள். என்ன சொல்லலாம்?

பதில் 1: நோட்டீஸ் பைக்குள் போய்விடும் சிஸ்டர். ஸ்பெகுலத்தை (கர்ப்பப்பை வாயைப் பார்க்க உதவும் கருவி) கையில் கொடுத்துக் காட்டுங்கள். கர்ப்பப்பை வாயில் 3–5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி 1 நிமிடம் பொறுத்துப் பார்ப்போம், ஊசியோ மயக்கமோ கிடையாது என்று சொல்லுங்கள். தொந்தரவு தெரியும் முன்பே கண்டுபிடிக்கத்தான் இது.

பதில் 2: கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டு, மாதவிலக்கு இல்லாத நாளாகக் கொடுங்கள், திருப்பி அனுப்பினால் மறுபடி வருவது கஷ்டம். அமிலம் தடவிய இடம் வெள்ளையாக மாறினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பயந்து மேல்சிகிச்சைக்குப் போகமாட்டார்கள்.

பதில் 3: திண்டுக்கல் ஆய்வைச் சொல்லுங்கள். 2007இல் வெளியானது, இதே பரிசோதனை செய்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைவு. நம்மூர் பெண்கள்!